வென்டிலேட்டரை அடைத்த அட்டை

குகட்பள்ளி வீட்டுக் குளியலறையில் எங்கள் கேஸ் கீசர் அடிக்கடி அணைந்துவிடும். தொழிற்சாலையில் உலைப் பிரிவில் இருக்கும் என் கணவர், "காத்துதான் அணைக்குது, மெக்கானிக் எதுக்கு?" என்று வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்தார். அதன்பின் அணையவே இல்லை. எனக்குப் பெருமைதான்.

மறுநாள் குளித்துக்கொண்டே பாடிய மகளின் குரல் பாதியில் நின்றது. "தல திருகுதோந்தி அம்மா" என்று, தலை சுற்றுவதாகத் தெலுங்கில் முனகினாள். பிறகு பதிலே இல்லை. கதவை உடைத்து வெளியே தூக்கி வந்ததும்தான் கண் விழித்தாள். அடைத்த அறையில் கேஸ் எரிந்து விஷக்காற்று சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். உலையைப் பற்றவைக்கும் முன் காற்றுவழியைத் திறப்பதுதான் தொழிற்சாலையில் என் கணவருக்குத் தினமும் முதல் வேலையாம்!

இப்போது அட்டையும் இல்லை, கதவில் தாழ்ப்பாளும் இல்லை. வாளி நிறைந்ததும் கீசரை அணைத்துவிட்டுத்தான் குளிக்கிறோம். அப்படியும் எனக்கு நிலைகொள்ளவில்லை. குளிப்பவர் வெளியே வரும்வரை பாடியாக வேண்டும். பாட்டே வராத என் கணவரும் பாடுகிறார்.