சுத்தியல் அத்தான்

என் அக்காவின் கணவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில் இல்லை; வேலையிடத்தில் வைத்த பெயர் சுத்தியல். ரயில் போவதற்காக மலையைக் குடையும்போது வெளியே வந்து விழும் பாறையைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதுதான் அவர் வேலை. ‘கணீர்’ என்றால் கான்கிரீட்டுக்கு, ‘தொப்’ என்றால் பள்ளம் நிரப்ப. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கதவு, தர்பூசணி, புது அலமாரி, ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த என் மண்டை, எல்லாவற்றையும் தட்டியிருக்கிறார். என் மண்டையைப் பற்றி அவர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

முதலில் அந்தப் பாறையை அங்கே யாரும் மதிக்கவில்லை. பெரிய அதிகாரி கார் கண்ணாடியைக்கூட இறக்காமல் பார்த்துவிட்டு, “ஒரே அழுக்கா இருக்கே! கொட்டிட்டு, வெளியில ஜல்லி வாங்குங்க” என்றார். அத்தானுக்கு வந்ததே கோபம்! காரை மறித்துக்கொண்டு, “பாத்த உடனே வேணாம்னா எப்படி சார்? சோதிச்சுட்டு சொல்லுங்க” என்று கத்தினார். வேலை போகாதது அதிசயம்தான். பாறையை உடைத்து ஜல்லியாக்கி, சிமெண்டோடு குழைத்துக் கட்டிகளாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டு, பிறகு இயந்திரத்தில் வைத்து நசுக்கினார்கள். கட்டி லேசில் மசியவில்லை. இன்று அந்தக் குகைச் சுவர் முழுக்க அதே மலையின் பாறைதான். யோசனை தன்னுடையது என்று மேடையேறிச் சொல்லி விருது வாங்கியவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அத்தான் கீழே உட்கார்ந்து கைதட்டினார்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு அவர் மகள் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கல்யாணம் என்றால் இவனோடுதான் என்று என்னிடமும் அக்காவிடமும் முன்பே சொல்லியிருந்தாள். லிஃப்ட் பழுதுபார்ப்பவன், ஆளும் ஒல்லி, பேச்சிலும் சிக்கனம். வரவேற்பது போல அத்தான் அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். அது வரவேற்பல்ல, சோதனை என்று எனக்குத் தெரியும். அவன் டீயைக் குடித்துவிட்டு வாசலைத் தாண்டியதுதான் தாமதம், தீர்ப்பு வந்துவிட்டது.

“சொத்தக் கல்லு. வேணாம்.”

மகள் நேராக அவர் முன்னால் வந்து நின்றாள். “உங்க கட்டிக்கு இருபத்தெட்டு நாள் குடுத்தீங்க. இவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தானாப்பா? அந்த அதிகாரியாவது கார்லேந்து பாத்தாரு. நீங்க பக்கத்துல உக்காந்து பாத்தீங்களே!” அவன் குடித்துவிட்டுப் போன டம்ளரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “எனக்கு இவரை விட்டா வேற யாரும் வேணாம்.”

ஊரையே தட்டிப் பார்த்தவரை யாரோ தட்டிவிட்டார்கள். எனக்குப் பரம திருப்தி.

“சரி, தினம் வரச் சொல்லு. இருபத்தெட்டு நாள்” என்று முறைத்துக்கொண்டே உள்ளே போனார்.

பையன் மாலைதோறும் கிரீஸ் கறையோடு வந்தான். அத்தான் சிரிக்கவே இல்லை. ஒருநாள், “லிஃப்ட் கம்பி அறுந்துட்டா என்ன பண்ணுவ?” என்று மடக்கினார். “அறுந்து போற வரைக்கும் விட்டா நான் எதுக்கு சார்?” என்றான். அன்றைக்கு நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசி நாள் அவனைக் காணோம். அத்தான் வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தார். எங்கோ லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம், இறக்கிவிட்டுத்தான் வருவானாம் என்று மகள் வந்து சொன்னாள். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

“அந்த சொத்தக் கல்லுக்காகவா இப்படித் தவிக்கிறீங்க?” என்றாள் அக்கா, வேண்டுமென்றே.

அத்தான் சடாரென்று திரும்பினார். “யாரைடி சொல்ற சொத்தன்னு? அவன் என் மாப்பிள்ளைடி! போ, டீய சூடு பண்ணு.”