குரல் தாழும் இடம்

வெள்ளிக்கிழமை காலையில் மகன் கைபேசியில் குர்ஆனின் கஹ்ஃபு சூராவை ஓடவிடுகிறான். மூசா நபியோடு நடந்துபோகும் ஞானி ஹிள்ரு, வழியில் ஒரு சிறுவனைக் கொல்லும் இடம் வந்ததும் நான் எழுந்துபோய் ஒலியைக் குறைக்கிறேன்.

“ஏனுங்க மாமா, சத்தம் காதைக் குடையுதுங்களா?” என்கிறாள் மருமகள்.

என் சின்ன வயதில், மலைமேல் செம்மேட்டில் அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, மிளகுக் கடை. வெள்ளிதோறும் அதே சூராவை ஓதி, மிளகு கொண்டுவரும் குண்டூர் நாட்டு மலைக் கவுண்டருக்கு அந்தக் கதையையும் சொல்வார்.

“தப்பே செய்யாத பையனைக் கொல்றதுங்களா பாய்? நல்ல பெரிய மனுசன் போங்க!” என்றார் அவர் ஒரு வெள்ளியன்று.

“அது வெளியே தெரியற அர்த்தமுங்க. உள்ளர்த்தத்துல அவன் பையனே இல்லீங்க. நமக்குள்ள ‘நான்’னு துள்ளுற நஃப்சு. அது செத்தாத்தான் மனுசனுக்கு விடிவு.”

கடைக்குப் பின்னால்தான் வீடு. மலையிலிருந்து இறங்க லாரி கிடைப்பதற்குள் என் தம்பி காய்ச்சலில் போய், அன்றோடு ஏழு வெள்ளி ஆகியிருந்தது. அம்மா கதவருகே வந்து நின்றாள்.

“அப்ப எம் பையன் எந்த உள்ளர்த்தத்துக்குப் போனானுங்க?”

கவுண்டர் தலையைக் குனிந்து சாக்கை மடித்தார்.

அடுத்த வெள்ளியிலிருந்து அந்த வசனங்களை அவர் உதடு மட்டும் அசைய ஓதினார். அடுக்களையில் கரண்டிச் சத்தமும் நின்றுவிடும். அவர் குரல் மறுபடி எழும்பிய பிறகுதான் அம்மா குழம்பைக் கிளறுவாள்.

இப்போதும் ஒலியைக் குறைத்ததும், யாரோ கரண்டியைப் பிடித்தபடி காத்து நிற்பதுபோல் இருக்கிறது. மருமகளோ தன் பாட்டுக்கு வெங்காயம் நறுக்குகிறாள். நான் வசனங்களை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். ஒரு வசனம் முந்தி ஒலியை ஏற்றிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.