வாய்க்காலுக்குள் இழுத்த கை

கெங்கவல்லி போகும் பஸ் ஆத்தூர் தாண்டிப் பஞ்சராகி நிற்கிறது. இறங்கி ரோட்டோரம் நிற்கிறோம். மக்காச்சோளக் காட்டுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் இரைந்துகொண்டு எங்கள் தலைக்கு மேல் வருகிறது. பக்கத்தில் நிற்கும் பெண் என் கையைப் பிடித்து வாய்க்காலுக்குள் இழுத்துப் படுக்க வைக்கிறாள். சத்தம் போனதும் வெட்கப்படுகிறாள். இலங்கை அகதி முகாமில் இருக்கிறவளாம்.

“குறை நினையாதேங்கோ அம்மா. எங்கட ஊர் முல்லைத்தீவுக் கடற்கரை. பிளேன் குண்டு போடேக்க இப்பிடித்தான் மகளெண்டு நினைச்சுப் பங்கர்க் குழிக்குள்ள இழுத்தனான். புகை அடங்கிப் பாத்தா, பக்கத்து வீட்டுப் பிள்ளை.”

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

“அப்ப உம்பட புள்ள, சாமி?”

“வெளியால செத்துக் கிடந்தவள்.”

என் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுகிறாள்.

“தாய் தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளைதான் இப்ப எனக்குச் சோறு போடுது. உயிரைக் காப்பாத்தின அம்மா எண்டு எல்லாருக்கும் சொல்லும். ஆள் மாறி இழுத்தனான் எண்டு பிள்ளையிட்ட இன்னும் சொல்லேல்லை.”