ஒலிபெருக்கியில் ஓர் அழைப்பு

நாடகத்துக்கு அழைக்கும் குரலைக் கேட்டு மக்கள் ஏன் நடுங்க வேண்டும்?

போர்க்காலத்தில், பல்கலைக்கழகப் படிப்பை முடித்த கையோடு, எங்கள் தீவின் வடக்கிலிருந்து சில மணி நேரக் கெடுவில் விரட்டப்பட்ட முஸ்லிம்களைப் பற்றி ஓராள் நாடகமொன்றை எழுதினேன். நடிப்பு, திரை, விளம்பரம் எல்லாமே என் பொறுப்பு. எவரும் வராமல் போய்விடுவார்களோ என்ற பயத்தில், முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தில்லையடி அகதி முகாமுக்குள் நுழைந்தேன்.

"அனைவரும் பாடசாலை மைதானத்தில் ஒன்றுகூடுங்கள்!"

ஓலைக் குடிசைகள் சட்டென்று அடங்கின. ஒரு பெண் கைக்குழந்தையும் துணி மூட்டையுமாக ஓடி வந்தார்.

"எத்தின மணிக்குள்ள போகோணும் தம்பி? இதையாவது கொண்டுபோக விடுவீங்களா?"

அவருடைய ஊரை விட்டு வெளியேறச் சொன்ன கட்டளையும் ஒலிபெருக்கியில்தான் வந்தது. அது எனக்குத் தெரியும். என் நாடகத்தின் முதற்காட்சியே அதுதான்.

"நாடகம் பார்க்கத்தான் ராத்தா கூப்பிட்டன்" என்றேன்.

பக்கத்துக் குடிசைக்காரர் சிரித்தார். "நீ போட்ட சத்தத்தில நான் ஓடுறதுக்குச் சாரத்த மடிச்சுக் கட்டிட்டன், தம்பி!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் மூட்டையைக் கீழே வைக்கவில்லை. வண்டி திரும்பிப் போகும்வரை அதை அணைத்தபடியே நின்றார்.

முதற்காட்சியை நீக்கினேன். அதன்பின் எந்த நாடகத்துக்கும் நான் ஒலிபெருக்கி வைத்ததில்லை. வாசல் வாசலாகச் சென்று, ஸலாம் சொல்லி, தாழ்ந்த குரலில் அழைக்கிறேன்.