நான் எழுதிக் கொடுத்த கருமாதி

என் தம்பியின் இசைக்குழு போட்ட முதல் ஆல்பத்தில் ஐந்தே பாட்டுகள். ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குக் குறையாது. டூம் மெட்டல் என்று அதற்குப் பெயர். கிட்டாரின் சுருதியை முடிந்தவரை தாழ்த்தி, முடிந்தவரை மெதுவாக இழுத்து, சாவைப் பற்றி உறுமுவது. ஒரு டிரம் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மோட்டாரை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் ரொட்டி வாங்கி வந்துவிடலாம். நான் அதைச் சொன்னபோது, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்றான் தம்பி. அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ப் பழமொழி அதுதான் என்பதால் மன்னித்துவிட்டேன்.

குழுவில் நான்கு பேர். நால்வரும் இங்கே மலேசியாவில், கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு குளிரூட்டிய அறையில் கம்ப்யூட்டர் சிப் செய்தவர்கள். கேண்டீன் சாப்பாட்டில் கன்னம் உப்பியவர்கள். சுடுகாட்டுக்குப் போனாலும் காடியை விட்டு இறங்காமல் ஏர்கான் போட்டு உட்கார்ந்திருக்கும் ரகம். இவர்களுக்கு இத்தனை துக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

ஆல்பத்துக்காகத் தம்பி மட்டும் வேலையை விட்டான். அன்றோடு அப்பா அவனிடம் பேசுவதை நிறுத்தினார். பாடாங் மேஹா ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவி, எங்கள் இருவரையும் ஒற்றை ஆளாக வளர்த்தவர். மகனைத் தொழில்நுட்பம் படிக்க வைத்தது உறுமுவதற்காக அல்ல. அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

எட்டு மாதம் கழித்து ஆல்பம் முடிந்தது. வெளியீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூலிமில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். அதற்கு முந்திய வாரம் தம்பி என் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, போஸ்டர் நீதான் தமிழ்ல எழுதித் தரணும் லா. எங்க நாலு பேருக்கும் படிக்கத் தெரியாது. நல்லா கெலாப்பா இருக்கட்டும், முழுக்கக் கருப்பு."

"ஆல்பத்துக்கு என்ன பேரு?"

"கருமாதி."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"அப்பாகிட்டயும் நீயே சொல்லிடு. வந்து ஒரு பாட்டு கேட்டா போதும். அதுக்கப்புறம் திட்டுனாலும் பரவால்ல."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. இந்தக் கூத்துக்கு அப்பாவை வேறு இழுக்க வேண்டுமா என்று இருந்தது.

எங்கள் பக்கத்தில் யாராவது இறந்தால், பதினாறாம் நாள் கருமாதிக்கு இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் அழைப்பு வரும். கருப்புப் பின்னணி. மேலே கருமாதி என்ற சொல், நடுவில் இறந்தவர் படம், கீழே நாள், நேரம், இடம். மலாய்ப் பள்ளியில் படித்த அந்த நால்வருக்கும் அது காதில் விழுந்த சொல்தான், கண்ணில் பட்டதல்ல. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்த எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் மேலே கருமாதி என்று போட்டு, நான்கு முகங்களையும் வரிசையாக வைத்து, 'உற்றார் உறவினர் அனைவரும் கலந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்' என்று முடித்தேன். ஆல்பம் என்றோ பாட்டு என்றோ எங்கும் எழுதவில்லை. சாவு சாவு என்று கத்துகிறாயே, இந்தா பிடி என்று நினைத்தேன். தம்பி அதைப் பார்த்துப் பூரித்துப்போனான். வழக்கம்போலக் கடைசி நேரத்தில், ஞாயிறு காலையில்தான் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான்.

மண்டபத்தில் ஒரு பக்கம் கருப்பு டீ-சட்டையும் நீளமுடியுமாக இருபது பேர். மறுபக்கம் வெள்ளை உடுத்திய எங்கள் சொந்தம். ஜித்ராவிலிருந்து வந்த பெரியம்மா வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டு நுழைந்தார். மேடையில் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்த தம்பியைப் பார்த்ததும் பாதியில் அழுகையை நிறுத்தி, "சாப்பாடாச்சும் உண்டா?" என்று என்னைக் கேட்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி வயிறு வலிக்கச் சிரித்தேன்.

முதல் பாட்டின் நடுவில் அப்பா வந்தார். பாடாங் மேஹாவிலிருந்து மோட்டாரில் வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் போனில் கூப்பிட்டிருக்கிறார், அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும். கதவருகே ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மேடையையே பார்த்து நின்றார். நான் கிட்டே போனேன்.

"நீதான் எழுதுனியா?"

"ஆமாப்பா."

"பக்கத்து வீட்டுல போன்ல காட்டுனாங்க. பேசாத அப்பனுக்கு எதுக்குச் சொல்லணும்னு, அவன நீங்களே எரிச்சுட்டு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து பாட்டு முடியும்வரை கண் தம்பியை விட்டு நகரவில்லை. தம்பியும் அவரைப் பார்த்துவிட்டான். கடைசிப் பாட்டில் அவன் குரல் உடைந்தது. அப்போதும் எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்காது.

முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தான். வேர்வையோடு கட்டிப்பிடித்தான்.

"அப்பாவ வரவச்சது நீதானே அக்கா? எனக்குத் தெரியும் லா."

"ஆமா" என்றேன்.

அக்காதான் அப்பாவை வரவைத்தாள் என்று இன்றுவரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். அப்பா பக்கத்தில் இருந்தாலும் மறுப்பதில்லை, என்னைப் பார்ப்பதுமில்லை. அந்த ஐந்து பாட்டின்மேல் எனக்கு இருக்கும் அருவருப்பை மொத்தமாகச் சேர்த்தாலும், அந்த ஒரு ஆமாவுக்காக என்மேல் எனக்கு இருப்பதில் பாதி தேறாது.