நோட்டில் முகத்துக்கு ஒரு கட்டம்

ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகட்டும் என்று மகள் கணினியில் ஒரு கூடைப்பந்து விளையாட்டைப் போட்டுக்கொடுத்தாள். நாம் ஆட வேண்டாம். யாரை எத்தனை நிமிடம் இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று சொன்னால் போதும். ஒவ்வொரு ஆட்டக்காரன் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன முகம். ரொம்ப நேரம் உட்கார வைத்தால் அது சுருங்கிச் சிவந்துவிடும். இதைச் செய்தவன் தன்னைப் பெரிய மேதாவி என்று நினைத்திருப்பான். எண்பதுகளின் தொடக்கத்திலேயே காரைக்காலில், ஒரு நாற்பது பக்க நோட்டில், இதே அற்பக் காரியத்தை நான் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் கூடைப்பந்து மன்றத்துக்கு நான் மேனேஜர். ஆடத் தெரியாதவனுக்குக் கொடுக்கும் பதவி அது. பெயர், நிமிடம், முகம் என்று நோட்டில் மூன்று கட்டம் போட்டிருந்தேன். எங்கள் சூரர்களை ஐந்து நிமிடம் வெளியே எடுத்தால் மறுநாள் பயிற்சிக்கு வர மாட்டார்கள். ஒருவருக்கு வயிற்றுவலி வரும், இன்னொருவருக்கு விழிதியூர் வயலில் திடீரென்று அறுப்பு வரும். நான்தான் வீடு வீடாகப் போய்க் காபி குடித்துக் கெஞ்ச வேண்டும். ஆகவே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு அதிக நிமிடம் என்று ஆகிவிட்டது.

அதில் முதலிடம் எங்கள் செக்ரட்டரிக்கு. பந்து அவர் வாங்கியது. எதிரணிக் கூடைக்குக் கீழே ஒருமுறை போய்ச் சேர்ந்தால் அங்கேயே நின்றுவிடுவார். மற்ற நால்வரும் இந்தப் பக்கம் ஓடித் தடுத்துவிட்டுத் திரும்பி வரும்வரை இடுப்பில் கை வைத்துக் காத்திருப்பார். அவருக்கு நாற்பது நிமிடமும் ஆட்டம் வேண்டும்.

மீனவர் தெருவிலிருந்து வந்த ஒருவன் மட்டும் முகம் கோணாதவன். விடியுமுன் கடலுக்குப் போய் வந்து, சாயங்காலம் எல்லாருக்கும் முன்னால் மைதானத்தில் நிற்பான். அவன் எம்பினால் பந்து வேறொருவன் கைக்குப் போகாது. உட்கார வைத்தாலும் சிரித்துக்கொண்டே கைதட்டுவான். அவன் கட்டத்தில் எப்போதும் ‘சரி’ என்று எழுதி, அவனுடைய நிமிடங்களைப் பிடுங்கி மற்றவர்களுக்குக் கொடுத்தேன்.

ஒருமுறை மாநில அணிக்கு ஆள் எடுக்க ஒருவர் புதுச்சேரியிலிருந்து எங்கள் ஆட்டத்துக்கு வந்தார். அணியில் சேர்ந்தால் சான்றிதழ் கிடைக்கும், அதைக் காட்டிப் போலீஸில் சேர்ந்துவிடலாம் என்று அவன் என்னிடம் சொல்லியிருந்தான். அன்றைக்கு அவன் கடலுக்கே போகவில்லை. இரண்டாவது பாதி முழுக்க உனக்குத்தான் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

சொன்னபடி செக்ரட்டரியை வெளியே எடுத்து அவனை இறக்கினேன். இறங்கியதும் எம்பி ஒரு பந்தைப் பிடித்தான். புதுச்சேரிக்காரர் பேனாவைத் திறந்தார். இங்கே செக்ரட்டரி நீட்டிய தண்ணீரைத் தள்ளிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அந்த முதுகுக்கு நான் பயந்தேன். வெட்கங்கெட்ட பயம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அவனைக் கூப்பிட்டுவிட்டு அவரை மறுபடி அனுப்பினேன்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது புதுச்சேரிக்காரர் பேனாவை மூடிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அவர் கேட்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கு வீரம் வந்தது. போய் இறங்கு தம்பி என்றேன். அவன் மன்றத்து ஷூவைக் கழற்றி என் காலடியில் ஜோடியாக வைத்தான்.

“உக்காந்தே இருக்கணும்னா எங்க போட்டுலயே உக்காந்துருப்பேண்ணே. அங்க மீனாவது கெடைக்கும்.”

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வெறுங்காலோடு கடற்கரைப் பக்கம் நடந்தான். பிறகு மைதானத்துக்கு வரவே இல்லை.

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல நோட்டை எடுத்தேன். அவன் பெயருக்கு நேரே நிமிடம் இரண்டு என்று போட்டேன். முகம் என்ற கட்டத்தில் ‘சரி’ என்று எழுதினேன்.