எதிர்வீட்டுப் போர்வை

“உன் புருஷன் வாயப் பொளந்துகிட்டுத் தூங்குற அழகப் பாக்கவா நான் கண்ணாடி வெச்சேன்? போடி, போய் வேலையப் பாரு!”

தையல்காரி அப்படித்தான் வெடுக்கென்று சொன்னாள். எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? “ராத்திரி பூரா காவல் காத்துட்டு வந்து படுக்குற மனுஷன். மூஞ்சிலயே வெயில அடிக்கிறியே, நல்லா இருக்கா?”

நியாயம்தான். ஆனால் அந்த மனுஷன் போன வருஷம் வீட்டுக்கு மேலே ஒரு மாடி எழுப்பியதிலிருந்து தையல்காரியின் அறையில் பட்டப்பகலே இருட்டு. விளக்கைப் போட்டாலும் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகவே தெரிந்தன. முப்பது கறுப்புப் பேண்ட்டுக்குக் கருநீல நூலில் ஓரம் அடித்து அனுப்பிவிட்டாள். தைக்கத் துணி கொடுக்கும் கடைக்காரர் அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்து போட்டார். “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேம்மா.” புருஷன் போனபிறகு பதினெட்டு வருஷமாக அவளுக்குச் சோறு போட்டது அந்த மெஷின்தான்.

பீரோக் கண்ணாடியைக் கழற்றிச் சந்து முனையில் வெயிலில் சாய்த்து வைத்தாள். வெளிச்சம் சந்தோடு ஓடிவந்து மெஷின்மேல் உட்கார்ந்தது. சூரியன் நகரும் என்பதை மட்டும் மறந்துபோனாள். பதினோரு மணிக்கெல்லாம் வெளிச்சம் எதிர் ஜன்னலுக்குக் குடிபோய்விட்டது. அதற்குத்தான் இந்தச் சண்டை.

எதிர்வீட்டுக்காரி வீறாப்பாக மொட்டைமாடியிலிருந்து ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டு ஜன்னலை மூடினாள். தையல்காரியும் வீம்புக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். அறை வெளுத்திருந்தது. மாடிச் சுவரில் விழுகிற வெயிலை அந்தப் போர்வை இவள் பக்கம் திருப்பிவிட்டிருந்தது. இரண்டு நூல்கண்டையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இது நீலம். இது கறுப்பு.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி போர்வையை இழுக்கவும் தையல்காரி வெளியே ஓடினாள். “ஏய், எடுக்காதடி!”

“ஏன், அதுலயும் குத்தமா?”

“செங்கல்லா நிக்குதே உன் சுவரு, அதுக்கு வெள்ளையடிச்சுத் தரேன். செலவு என்னுது.”

“திடீர்னு என்ன பாசம்?”

“பாசமுமில்ல மண்ணுமில்ல. எனக்கு வெளிச்சம் வேணும்.”

எதிர்வீட்டுக்காரி போர்வையை இழுப்பதை நிறுத்தினாள். “அவரு பேண்ட்டு ரெண்டு கிழிஞ்சு கெடக்கு.”

“கொண்டா, தச்சுத் தொலைக்கிறேன்.”

விடுமுறையன்று காவல்காரனே ஏணியைப் பிடித்தான், கொட்டாவி விட்டபடி. தையல்காரி முப்பது பேண்ட்டையும் பிரித்து, கறுப்பு நூலில் தைத்துக் கொண்டுபோனாள். கடைக்காரர் வாசலில் நின்று ஓரம் ஓரமாகப் பார்த்தார். பிறகு அடுத்த துணிக்கட்டைத் தூக்கிக் கொடுத்தார்.

வெள்ளைப் பெயிண்ட் ஒரு டின். அதற்கு ஆன செலவு, ஆறு பேண்ட் தைத்த கூலி.